மீட்டியார்ல ஃபார்வர்ட் கண்ட்ரோல் மாட்டலாமா? 2 மணி நேரத்துல இடுப்பு போகுது, கணுக்காலும் வலிக்குது

பதிவு 1 | ரெண்டுவாரத் திருச்சி

எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாள் படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன். வண்டி ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350, வாங்கி 2 வருஷம், 19,000 கிலோமீட்டர் ஓடிருச்சு. வேலை ஒரகடம், வீடு திருச்சி, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சனிக்கிழமை விடியக்காலைல கிளம்பி சிங்கப்பெருமாள்கோவில் வந்து ஹைவே ஏறிடுவேன். திண்டிவனம் வரைக்கும் ஒண்ணும் தெரியாது, விழுப்புரம் தாண்டுனதும் இடுப்புக்குக் கீழ வால் எலும்புகிட்ட குத்த ஆரம்பிக்கும், உளுந்தூர்பேட்டைல டீ குடிக்க இறங்குனா நேரா நிக்கவே 2 நிமிஷம் ஆகுது. இடது கணுக்கால் தனியா வலிக்குது, வலது காலு முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் இறுகிப் போயிடுது.

என் உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 74. காலை இன்னும் முன்னாடி நீட்டி வச்சா சுகமா இருக்கும்னு தோணுது. ஒரு கடைல ஃபார்வர்ட் கண்ட்ரோல் கிட் (காலு வைக்கிற பெக்கு, கியர் லீவர், பிரேக் பெடல் எல்லாத்தையும் முன்னாடி தள்ளுறது) இருக்கு, 6 அங்குலம் முன்னாடி போகும், ஒரு நாள்ல மாட்டித் தரோம்னாங்க. அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இங்க ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன். மாட்டுனவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

பதிவு 2 | அவெஞ்சர் அண்ணாச்சி

தம்பி, அட்வான்ஸ் குடுக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. நான் அவெஞ்சர் 220 பத்து வருஷம் ஓட்டுனவன். அதுல கம்பெனியே காலை நல்லா முன்னாடி தள்ளித்தான் வச்சிருந்தான், சீட்டு உயரம் 737 மில்லிமீட்டர்தான், உக்காந்தா சோபா மாதிரி இருக்கும். ஷோரூம்ல உக்காந்து பாக்குற அஞ்சு நிமிஷத்துல அத அடிச்சுக்க ஆளே கிடையாது. ஆனா தூத்துக்குடிலருந்து மதுரை போறதுக்குள்ள அத்தனை குழியும் நேரா முதுகுல வந்து இறங்கும், ஏன்னா காலு முன்னாடி நீட்டிருக்கு, ஸ்பீடு பிரேக்கர் வந்தா காலை ஊணி பின்பக்கத்தை லேசா தூக்க முடியாது. கம்யூட்டர் வண்டில எல்லாரும் அத யோசிக்காமலே செய்வோம், குழி வந்தா காலு தானா ஊணும். அவெஞ்சர்ல அது நடக்காது.

உங்களுக்கு வலி வால் எலும்புலன்னு சொல்றீங்க. அங்க ஏற்கெனவே பாரம் ஜாஸ்தி. காலை இன்னும் முன்னாடி கொண்டு போனா மிச்சம் இருக்குற பாரமும் அங்கதான் வந்து உக்காரும்.

பதிவு 3 | ஆறடி ஒண்ணு

நான் இதுக்கு எதிர்க்கட்சி. என் உயரம் 6 அடி 1 அங்குலம். மீட்டியார்ல எனக்கு முழங்கால் டேங்குக்கு மேல துருத்திட்டு நிக்கும், அரை மணி நேரத்துல முட்டி சிப்பி வலிக்கும். நான் ஆஃப்செட் பிராக்கெட் (பெக்கைத் தள்ளி மாட்டுற இரும்புத் தாங்கி) போட்டு 3 அங்குலம் முன்னாடி தள்ளினேன், வாழ்க்கையே மாறிடுச்சு. எல்லாருக்கும் ஃபார்வர்ட் கெட்டதுன்னு சொல்லிடாதீங்க அண்ணே, காலோட நீளத்தைப் பொறுத்தது.

பதிவு 4 | முதுகெலும்பு

நான் பிசியோதெரபிஸ்ட், கூடவே ரைடரும்தான் (சூப்பர் மீட்டியார் 650). மேல ரெண்டு பேர் சொன்னதும் சரி, ஆனா காரணத்தைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா தினமும் இந்த மாதிரி வலியோட வர்றவங்களைப் பாக்குறேன்.

நேரா உக்காரும்போது இடுப்புக்கு மேல முதுகுல உள்பக்கமா ஒரு வளைவு இருக்கும். காலு உடம்புக்குக் கீழ இருந்தா அந்த வளைவு நிக்கும். காலை முன்னாடி நீட்ட நீட்ட தொடைக்குப் பின்னாடி இருக்குற தசை இழுக்கும், அது இடுப்பு எலும்பைப் பின்பக்கமா சாய்க்கும், வளைவு தட்டையாகி முதுகு கூன் மாதிரி ஆயிடும். தரைல காலை நேரா நீட்டி சுவர்ல சாயாம பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க, நான் சொல்றது அப்படியே புரியும். அந்த நிலைல டிஸ்க்கு மேல அழுத்தம் கூடுது, பாரம் வால் எலும்புக்குப் போகுது. இதுல வண்டி குதிச்சா அந்த அடியைத் தாங்க முட்டியும் கணுக்காலும் உதவிக்கு வராது.

இன்னொண்ணு காத்து. 90, 100ல போகும்போது நெஞ்சுல அடிக்கிற காத்து உடம்பைப் பின்னாடி தள்ளும், காலு கீழ இருந்தா ஊணித் தாங்கலாம், முன்னாடி இருந்தா கையால ஹேண்டிலைப் பிடிச்சு தொங்குற மாதிரி ஆயிடும். காத்து உள்ளங்காலுக்குக் கீழயும் புகுந்து காலைத் தூக்கப் பாக்கும், அதைப் பெக்குல அமுக்கி வச்சிருக்க தொடை முழுக்க இறுகியே இருக்கும்.

ஆறடி நண்பருக்கு வேற கதை. அவருக்கு முட்டி 90 டிகிரிக்கும் கீழ மடங்கிருந்திருக்கும், முட்டி சிப்பிக்குப் பின்னாடி அழுத்தம். அவருக்குத் தள்ளினது நியாயம்தான். 5 அடி 5 அங்குலத்துக்கு 6 அங்குலம் முன்னாடி தள்ளுறதுக்கு எனக்கு ஒரு காரணமும் தெரியல.

திருச்சி நண்பர்கிட்ட ரெண்டு கேள்வி. கணுக்கால் வலி எப்ப ஆரம்பிக்குது, சிட்டில கியர் மாத்தும்போதா ஹைவேலயா? வலது காலை பிரேக் பெடலுக்கு மேல தூக்கியே வச்சிருக்கீங்களா?

பதிவு 5 | ரெண்டுவாரத் திருச்சி

சார் அப்படியே பக்கத்துல நின்னு பாத்த மாதிரி கேக்குறீங்க. கணுக்கால் சிங்கப்பெருமாள்கோவில் டிராஃபிக்லயே ஆரம்பிச்சிடும், அப்புறம் ஹைவேல கொஞ்சம் குறையும், பெரம்பலூர் ஊருக்குள்ள திரும்பவும் வரும். கியர் லீவர் கொஞ்சம் மேல இருக்குற மாதிரி இருக்கு, மேல் கியர் போட குதிகாலால பின்பக்கம் மிதிக்க பயமா இருக்கு, அதனால முன்பக்கமே நுனிக்காலை உள்ள விட்டு தூக்குறேன். வலது காலு, ஆமா, பெடலுக்கு மேல அந்தரத்துலதான் வச்சிருப்பேன். பெடல் மேல வச்சா லைட் எரியுது, கீழ பெக்குல முழுசா வச்சா அவசரத்துக்கு எட்டாதோன்னு பயம்.

பதிவு 6 | முதுகெலும்பு

அந்தரத்துல தொங்குற காலுதான் உங்க முன்னங்கால் இறுக்கம். அந்தத் தசையை மணிக்கணக்கா விடாம வேலை வாங்குறீங்க. கிட் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல லீவரையும் பெடலையும் உங்க காலுக்கு செட் பண்ணுங்க. மெக்கானிக் விஷயம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

பதிவு 7 | பட்டறை கோவை

நானு சொல்றேனுங்க. கோயமுத்தூர்ல லேத் பட்டறை வெச்சிருக்கேன், பைக்குக்கு பிராக்கெட், ராட், பெக் எல்லாம் கடைசல் பண்ணித் தர்றதுதான் தொழிலு. நானே சொல்றேன், மொதல்ல எதையும் வாங்காதீங்க. வண்டி வரும்போது லீவரும் பெடலும் பொதுவா ஒரு அளவுக்கு வெச்சு அனுப்புறாங்க, அது உங்க செருப்பு சைஸ் 7க்கோ 11க்கோ பாத்து வெச்சதில்லீங்க. நூத்துக்குத் தொண்ணூறு பேரு அத ஒரு தடவை கூடத் தொட்டதே இல்ல.

கியர் லீவருலருந்து கியர் பாக்ஸுக்கு ஒரு சின்ன ராட் போகுது பாருங்க, ரெண்டு முனைலயும் லாக் நட் இருக்கும். ரெண்டையும் லூஸ் பண்ணிட்டு நடு ராடைத் திருகுனா நீளம் கூடும் குறையும், லீவர் ஏறும் எறங்கும். கவனிக்க வேண்டியது என்னன்னா, ஒரு பக்கம் மரை எப்பவும் போல இருக்கும், இன்னொரு பக்கம் பெரும்பாலும் ரிவர்ஸ் மரையா இருக்கும். வழக்கமான பக்கம் திருப்பி வரலைன்னு பலம் போட்டா நட்டு முனை மழுங்கிப் போயிரும், எத்தனை வண்டி அப்படி வந்திருக்குது தெரியுங்களா. அசையலைன்னா எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்க. அரைச் சுத்து திருப்புனாலே கால் நுனில நல்லா வித்தியாசம் தெரியும். ஒரே மூச்சுல நாலு சுத்து திருப்பாதீங்க. முடிச்சதும் ரெண்டு முனைலயும் மரை போதுமான அளவு உள்ள இருக்குதான்னு பாத்துட்டு லாக் நட்டை இறுக்குங்க.

எந்த அளவுக்கு வெக்கணும்னா, பெக்குல காலை வெச்சு, நீங்க தினமும் போடுற அதே ஷூவோட, கணுக்காலை மடக்காம நுனியை முன்னாடி விட்டா லீவருக்குக் கீழ சும்மா உள்ள போகணும். தூக்க கணுக்கால் அசைவு மட்டும் போதும், முட்டியைத் தூக்க வேண்டி வந்துச்சுன்னா லீவரு ரொம்ப மேல இருக்குதுன்னு அர்த்தம்.

பதிவு 8 | பட்டறை கோவை

ஒண்ணு மறந்துட்டேன். முன்ன பின்ன மிதிக்கிற ஹீல் ஷிஃப்டர்ல ரெண்டு பக்கமும் ஒரே துண்டா இருந்தா முன்னாடி எறக்குனா பின்னாடி ஏறும், கிணத்து ஏத்தம் மாதிரி. அதனால முன்பக்கத்த மட்டும் பாத்து செட் பண்ணாதீங்க, குதிகாலுக்கும் பின் மிதிக்கும் நடுவுல ரெண்டு விரக்கடையாவது இருக்கோணும்.

பதிவு 9 | மெரினா மீனாள்

பின் மிதி பத்தி பேசுனதால நானும் சொல்றேன். என் ஷூ சைஸ் 5. மீட்டியாரோட ஹீல் ஷிஃப்டரைப் பாத்ததும் ஆரம்பத்துல கழட்டிடலாம்னு நெனச்சேன், நிறைய பேர் கழட்டவும் சொன்னாங்க. ஆனா ஒரு வாரம் அதையே பழகுனேன், இப்ப அது இல்லாம முடியாது. மேல கியருக்குக் குதிகாலால மிதிச்சா கணுக்காலுக்கு வேலையே இல்ல, முழுக்காலோட எடையே போதும். கேன்வாஸ் ஷூ மேல்பக்கம் கருப்பாகுறதும் நின்னு போச்சு. திருச்சி தம்பிக்கு பயம் எதுக்குன்னு புரியுது, குதிகாலைத் தூக்கும்போது காலு பெக்கை விட்டுப் போற மாதிரி இருக்கும். அதுக்கு ஒரு வழி, உள்ளங்கால் நடுப்பகுதியை பெக்குல வச்சுக்கிட்டு காலை சும்மா முன்னும் பின்னும் ஆட்டுற மாதிரி பழகணும். காலியான ரோட்ல, ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மணி நேரம் போதும்.

சைஸ் 10, 11 போடுறவங்களுக்கு இது ஒத்து வராது, அது உண்மை. முன் மிதிக்கும் பின் மிதிக்கும் நடுவுல அவங்க காலு மாட்டிக்கும். அவங்க முன்பக்கம் மட்டும் இருக்குற லீவர் மாத்திக்கலாம்.

பதிவு 10 | கொல்லிமலை 70

பிரேக் பெடல் பத்தி யாரும் இன்னும் பேசலயே, அதுதான் உசுரு சம்பந்தப்பட்டது. என் அனுபவத்தைச் சொல்றேன், தயவு செஞ்சு முழுசா படிங்க.

போன வருஷம் எனக்கும் இதே பிரச்சன, பெடல் மேல இருக்கு, காலு தொங்குது. ஒரு ஒர்க் ஷாப்ல சொல்லி எறக்கச் சொன்னேன். பின்னாடி டிஸ்க் பிரேக் இருக்குற வண்டில பெடல்லருந்து மாஸ்டர் சிலிண்டருக்கு (மிதிக்கிற அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்குற உருளை) ஒரு புஷ் ராட் போகும், பெடலை எறக்குனா அந்த ராடையும் அதுக்கேத்த மாதிரி குறைக்கணும். அவங்க பெடல் உயரத்தை மட்டும் பாத்தாங்க, ராட் சிலிண்டர் உள்ள இருக்குற பிஸ்டனை லேசா தள்ளிட்டே நிக்குதான்னு பாக்கல. சேந்தமங்கலம் வரைக்கும் நல்லாதான் போச்சு. கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு, ஏறும்போது ஒண்ணும் தெரியல, எறங்கும்போது முப்பது வளைவு தாண்டுனதும் வண்டியை யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்குற மாதிரி இருந்துச்சு. ஓரமா நிறுத்திப் பாத்தா பின் டிஸ்க்லருந்து புகை, தொட முடியல, டிஸ்க் ஓரம் நீலம் பாய்ஞ்சிருந்துச்சு. சக்கரம் கையால சுத்தல.

அப்புறம்தான் புரிஞ்சுது. பெடலை விட்டதும் சிலிண்டருக்குள்ள இருக்குற ஆயில் டப்பாவுக்குத் திரும்பிப் போக ஒரு சின்ன துளை இருக்கு. ராட் பிஸ்டனைத் தள்ளிட்டே இருந்தா அந்தத் துளை அடைச்சிடும். பிரேக் சூடாக சூடாக ஆயில் விரியும், விரிஞ்சது வெளிய போக வழியில்ல, அதுவே பேடை அமுக்கும், இன்னும் சூடாகும். அப்படியே லாக் ஆயிடும். அன்னிக்கு நான் மெதுவா போயிட்டிருந்ததால தப்பிச்சேன்.

அதனால பெடலை எறக்குனா கையால பெடலை லேசா ஆட்டிப் பாருங்க, ராட் பிஸ்டன்ல போய் முட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சமாவது ஃப்ரீ பிளே இருக்கணும், எத்தனை மில்லிமீட்டர்னு வண்டியோட சர்வீஸ் புக்ல பாத்துக்கங்க. அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரல்ல பின் சக்கரத்தை சுத்தி விடுங்க, பிரேக் போட்டு விட்டுட்டு திரும்ப சுத்துங்க, ரெண்டு தடவையும் ஒரே மாதிரி சுத்தணும். பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து திரும்பவும் சுத்திப் பாருங்க. கடைசியா பிரேக் லைட். பெடல் உயரம் மாறுனா லைட் சுவிட்சையும் செட் பண்ணணும், இல்லன்னா ஒண்ணு எப்பவும் எரியும் இல்ல லேட்டா எரியும்.

பதிவு 11 | பட்டறை கோவை

கொல்லிமலைக்காரர் சொன்னது அட்சரம் பிசகாம உண்மைங்க. சந்தேகம்னா பிரேக் பக்கம் மட்டும் சர்வீஸ் சென்டர்ல குடுத்துப் பண்ணிக்கங்க, கியர் பக்கம் வீட்லயே பண்ணலாம்.

ஃபார்வர்ட் கிட் பத்தியும் இதே தானுங்க என் கவலை. பெடலை 6 அங்குலம் முன்னாடி கொண்டு போனா, பழைய இடத்துல இருக்குற மாஸ்டர் சிலிண்டருக்கு நீளமா ஒரு ராட் போட்டு இழுக்கணும். ராட் மெல்லிசா இருந்தா வளையும், ஜாயிண்ட்ல கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் இருந்தா எல்லாம் சேந்து காலுக்கு கொழகொழன்னு தெரியும், பாதி மிதி ஆட்டத்துலயே போயிரும். பிராக்கெட்டும் அப்படித்தான். 74 கிலோ ஆளு பிரேக்கை எட்டி மிதிச்சா பெக்குல விழுற பாரம் சாதாரணமில்ல, முன்னாடி நீட்டுன பிராக்கெட் நெம்புகோல் மாதிரி போல்ட்டைப் பிடிச்சு இழுக்கும். வெல்டு விட்டுப்போன பிராக்கெட்டை நானே நாலஞ்சு பாத்திருக்கேன். அந்த வண்டிக்குன்னே கணக்குப் போட்டு செஞ்சதா, எல்லா வண்டிக்கும் பொதுவா செஞ்சதான்னு கேளுங்க. பொதுவா செஞ்சதுன்னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க.

பதிவு 12 | பெங்களூர் வல்கன்

நான் கவாசாகி வல்கன் எஸ் ஓட்டுறேன், இந்த விஷயத்துல அதுல ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு. எர்கோ ஃபிட்னு பேரு, பெக்கை 3 இடத்துல வைக்கலாம், நடு இடத்துலருந்து முன்னாடி 25.4 மில்லிமீட்டர், பின்னாடி 25.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலம். கம்பெனி கொடுக்குறது ஒரே ஒரு அங்குலம்தான் பாருங்க. நான் 5 அடி 6. முன்னாடி தள்ளிப் பாத்தேன், ரெண்டாவது நாளே நடுவுக்கே வந்துட்டேன். ஒரு அங்குலத்துக்கே உடம்பு அவ்ளோ வித்தியாசம் காட்டுச்சுன்னா 6 அங்குலம்ங்குறது வேற வண்டில உக்காருற மாதிரி.

ஹார்லில கூட பாருங்க, ஒரே ஸ்போர்ட்ஸ்டர் குடும்பத்துல ஐயன் 883க்கு மிட் கண்ட்ரோல் (காலு நடுவுல), ஃபார்ட்டி எய்ட்டுக்கு ஃபார்வர்ட். நண்பனோட ஃபார்ட்டி எய்ட்டை ஈசிஆர்ல புதுச்சேரி வரைக்கும் ஓட்டுனேன், போட்டோவுல அவ்ளோ அழகா இருக்கும், மாமல்லபுரம் தாண்டும்போதே எனக்குப் போதும்னு ஆயிடுச்சு.

பதிவு 13 | நீலாங்கரை பாஸ்

கிட் எல்லாம் எதுக்கு, லெக் கார்டுல (முன்னாடி இருக்குற பாதுகாப்புக் கம்பி) ஹைவே பெக் போட்டுக்கங்க. லீவர், பெடல் எதையும் தொட வேணாம். காலி ரோடு வந்தா காலைத் தூக்கி முன்னாடி வச்சுக்கலாம், அலுத்தா கீழ வச்சுக்கலாம். நான் 3 வருஷமா வச்சிருக்கேன். காலோட இடத்தை மாத்திக்கிட்டே இருந்தா வலியே வராது.

பதிவு 14 | அவெஞ்சர் அண்ணாச்சி

பாஸ் சொல்றதுல பாதி சரி. இடத்தை மாத்துறது உடம்புக்கு நல்லதுதான். ஆனா நம்ம ரோடு எது வரைக்கும் காலியா இருக்கும்னு சொல்லவே முடியாது. 80ல போறீங்கன்னா ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போறீங்க. லெக் கார்டுல இருக்குற காலை எடுத்து பெடலுக்குக் கொண்டு வர அரை செகண்ட்னு வச்சாலும் 11 மீட்டர் பிரேக் இல்லாமலே போயாச்சு. உளுந்தூர்பேட்டை தாண்டி மீடியன் இடைவெளில ஆட்டு மந்தை ஒண்ணு திடீர்னு வந்துச்சு எனக்கு. அன்னிக்கு காலு மேல இருந்திருந்தா இத எழுதிட்டிருக்க மாட்டேன். ஹைவே பெக் போடுறவங்க முன்னாடி அரை கிலோமீட்டர் சுத்தமா தெரிஞ்சா மட்டும் வைங்க, பஸ் ஸ்டாப், ஊர் போர்டு, மீடியன் ஓப்பனிங் கண்ணுல பட்டதும் காலு கீழ வந்துடணும். ராத்திரில வேணவே வேணாம்.

பதிவு 15 | முதுகெலும்பு

அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். மீட்டியார், அவெஞ்சர் மாதிரி க்ரூஸர்ல எடை பின்பக்கம் ஜாஸ்தி இருக்கும், அதனால பின் பிரேக் மத்த வண்டியை விட இதுல நிறையவே வேலை செய்யும். முன் பிரேக்தான் முக்கியம், அதுல மாத்துக் கருத்து இல்ல, ஆனா காலு பெடல்கிட்ட இருக்குறது இந்த வகை வண்டில சின்ன விஷயம் இல்ல.

பதிவு 16 | பழைய புல்லட் மதுரை

நான் வலது பக்கம் கியர் இருந்த புல்லட்ல பழகுனவன்ப்பா. வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக், ஒண்ணு மேல மூணு கீழ. அதுலருந்து இப்ப உள்ள வண்டிக்கு மாறுனப்ப ஒரு மாசத்துக்கு ஆபத்துன்னா இடது காலுதான் முதல்ல அமுக்கும், அமுக்குனா கியர் எறங்கும், வண்டி நிக்காது. மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. அதனால சொல்றேன், பெக்கு இடமோ பெடல் உயரமோ எது மாத்துனாலும் முதல் 200 கிலோமீட்டர் ஊருக்குள்ள மெதுவா ஓட்டி காலுக்குச் சொல்லிக் குடுங்க. மாத்துன மறுநாளே திருச்சிக்குக் கிளம்பிறாதீங்க தம்பி.

பதிவு 17 | ஆர்டிஓ வாசல்

சட்டத்தையும் மனசுல வச்சுக்கங்க. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டில மாத்தம் செய்யுறதைப் பத்திப் பேசுது, 2019 திருத்தத்துல வந்த 182ஏ படி அனுமதியில்லாத மாத்தத்துக்கு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா 6 மாசம் வரைக்கும் சிறை, ரெண்டும் சேந்தும் வரலாம். சேசிஸ்ல வெட்டு, வெல்டு எதுவும் கூடவே கூடாது. கம்பெனி ஆக்சஸரியா விக்குறதை பில்லோட வாங்குங்க, மத்ததுக்கு ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ்லயும் எழுத்துல கேட்டுக்கங்க. விபத்துன்னு வந்துட்டா கிளெய்முக்கு வர்ற சர்வேயர் முதல்ல இந்த மாதிரி சமாச்சாரத்தைத்தான் பாப்பார்.

பதிவு 18 | மெரினா மீனாள்

பெக்குக்குப் பதிலா பலகை மாதிரி இருக்குற ஃபுட் போர்டு போடலாமான்னு யாராச்சும் கேட்டா ஒரு வார்த்தை. காலை முன்ன பின்ன நகத்திக்கலாம், அதிர்வு தெரியாது, நீளப் பயணத்துக்கு ரொம்ப சுகம். ஆனா வளைவுல வண்டியைச் சாய்ச்சா முதல்ல போர்டுதான் தரைல உரசும். வால்பாறை 40 வளைவுல தோழியோட வண்டி பின்னாடி போகும்போது உரசி உரசி பொறி பறந்ததைப் பாத்துட்டேன். மடங்குற போர்டா இருந்தா உரசும்போது மேல மடங்கும், மடங்காததா இருந்தா பின் சக்கரத்தையே தூக்கி விட்டுடும்.

பதிவு 19 | ரெண்டுவாரத் திருச்சி

எல்லாரும் இவ்ளோ நேரம் ஒதுக்கி எழுதுனதுக்கு மனசார நன்றி. கிட்டுக்கு வேணாம்னு சொல்லிட்டேன். நேத்து சாயங்காலம் ரூம் வாசல்ல உக்காந்து வேலையை ஆரம்பிச்சேன், நடந்ததை அப்படியே சொல்றேன்.

ஷூ போட்டு பெக்குல காலை வச்சுட்டு ரூம் மேட்டை கீழ உக்காந்து பாக்கச் சொன்னேன். லீவரோட அடிப்பக்கம் என் பெருவிரல் மேல்பக்கத்தை விட ஒரு விரல் அளவு மேல இருக்குன்னான். சாக்பீஸ்ல ராடுல கோடு போட்டு வச்சுட்டு (பழைய இடத்துக்குத் திரும்பணும்னா தேவைப்படுமேன்னு) லாக் நட்டைத் திருப்புனேன், முன் நட்டு வந்துச்சு, பின் நட்டு வரல, பட்டறை அண்ணா சொன்னது ஞாபகம் வந்துச்சு, எதிர்ப்பக்கம் திருப்புனேன், லேசா ஒரு சத்தத்தோட வந்துடுச்சு. அரைச் சுத்து, காலை வச்சுப் பாத்தேன், இன்னொரு அரைச் சுத்து, போதும். இப்ப நுனியை உள்ள விட்டதும் லீவர் எட்டுது, கணுக்கால் அசைவே போதும். பின் மிதி கொஞ்சம் ஏறிருக்கு, ஆனா ரெண்டு விரல் சரியா நுழையுது.

பிரேக் பெடலை நான் தொடல. கொல்லிமலை அண்ணன் எழுதுனதைப் படிச்சதுக்கு அப்புறம் தைரியம் வரல. இன்னிக்கு சர்வீஸ் சென்டர்ல பக்கத்துல நின்னு எறக்கச் சொன்னேன், ஃப்ரீ பிளே காட்டச் சொன்னேன், சக்கரத்தை சுத்திக் காட்டச் சொன்னேன், லைட் சுவிட்சும் பண்ணுனாங்க. இப்ப குதிகால் பெக்குல ஊணி நிக்குது, நுனி பெடலுக்கு மேல ஓய்வா இருக்கு, லைட் எரியல.

பதிவு 20 | முதுகெலும்பு

அருமை. இடுப்பு வலி இதுல முழுசா போகாது, முன்னாடியே சொல்லிடறேன். சீட்ல ரொம்பப் பின்னாடி தள்ளி உக்காந்து ஹேண்டிலுக்குக் கையை நீட்டுறீங்களான்னு யாரையாச்சும் பக்கவாட்டுல போட்டோ எடுக்கச் சொல்லிப் பாருங்க. முழங்கை லேசா மடங்கி இருக்கணும். நேரா இருந்தா ஹேண்டில் கிளாம்ப்பை லூஸ் பண்ணி ஹேண்டிலை லேசா உங்க பக்கம் திருப்பலாம், கேபிள் இழுபடுதான்னு ரெண்டு பக்கமும் முழுசா வளைச்சுப் பாத்துட்டு இறுக்குங்க. வழில முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி ரெண்டு நிமிஷம் நடங்க.

பதிவு 21 | ஆறடி ஒண்ணு

இதப் படிச்சுட்டு நானும் என் பிராக்கெட்டைக் கழட்டி போல்ட்டைப் பாத்தேன். ஒரு போல்ட் அரை சுத்து லூஸ். முதுகெலும்பு சார், பட்டறை அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. ஆஃப்செட் போட்டிருக்குறவங்க எல்லாரும் ஒரு தடவை பாருங்க.

பதிவு 22 | ரெண்டுவாரத் திருச்சி

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். பழைய புல்லட் ஐயா சொன்ன மாதிரி முதல் ரெண்டு வாரம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு உள்ளூர்லயே ஓட்டுனேன். நிஜமாவே காலுக்குத் தெரியல, ரெண்டு தடவை பெடலைப் பழைய உயரத்துல தேடுச்சு. ஹீல் ஷிஃப்டரை மீனாள் அக்கா சொன்னபடி ஞாயித்துக்கிழமை காலைல பழகுனேன், இப்ப மேல் கியருக்கு நுனிக்காலே போறதில்ல.

போட்டோ எடுத்துப் பாத்தேன், முழங்கை குச்சி மாதிரி நேரா இருந்துச்சு. ஹேண்டிலை லேசா திருப்புனேன், சீட்ல கொஞ்சம் முன்னாடி உக்காரப் பழகுனேன். போன சனிக்கிழமை திருச்சி போனேன். கணுக்கால் வலி சுத்தமா இல்ல. முன்னங்கால் இறுக்கம் இல்ல. இடுப்பு உளுந்தூர்பேட்டைல ஒண்ணும் தெரியல, பெரம்பலூர் தாண்டி லேசா ஆரம்பிச்சுச்சு, பாடாலூர்ல இறங்கி நடந்தேன், சரியாயிடுச்சு. வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்திட்டு இறங்குனப்ப அம்மா பாத்துட்டு, இன்னிக்கு என்னடா நேரா நடக்குறன்னாங்க.

பதிவு 23 | பட்டறை கோவை

சந்தோசமுங்க. 500 கிலோமீட்டர் ஓடுனதும் அந்த ராடு லாக் நட் ரெண்டையும் ஒருக்கா ஸ்பேனர் வெச்சுப் பாத்துருங்க.